நிலம் நடுங்கியது அங்கே. விலை ஏறியது எங்கெங்கே?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஷிப்டு முடிந்த களைப்போடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது மோட்டார் காரைப் பற்றி. அதிலும் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் காரைப் பற்றி. “நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? காரில் போகிறவர்கள் நாமா?” என்று சிலர் நினைக்கலாம். காரில் போகாதவர்கள்தான் நாம். ஆனால் காருக்கு வேண்டிய இரும்பை அடிக்கிறவர்கள், ரப்பரை வார்க்கிறவர்கள், வண்டியைத் துடைத்து லாரியில் ஏற்றுகிறவர்கள் நம்மில் பலர். ஆகையால் அந்தக் காரின் கதை நம் வீட்டு அடுப்பங்கரை வரை வருகிறது.

2011ஆம் ஆண்டு மே மாதம் என்று நினைவு. இதே போன்ற ஒரு கூட்டம். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். “ஏண்ணா, எங்கியோ ஜப்பான்ல பூமி ஆடுச்சுன்னா எங்க ஊட்டுக்காரருக்கு இங்க எதுக்கு வேலை இல்லேன்றாங்க?” அவருடைய கணவர் ஓர் உதிரிபாகப் பட்டறையில் காண்டிராக்ட் கூலி. வாரத்தில் 6 நாள் இருந்த வேலை 2 நாளாகிவிட்டது. மேஸ்திரி சொன்ன காரணம், “ஜப்பானில் நிலநடுக்கம்.” அன்று மேடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் சரியான விடை சொல்லத் தெரியவில்லை. “எல்லாம் சரியாகிவிடும் தாயே” என்று சொல்லி உட்கார வைத்தோம். அது விடை அல்ல என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறோம்.

அந்த வெள்ளிக்கிழமை

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2 மணி 46 நிமிடம். ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் கடல் எழுந்து கரையேறியது. ஆழிப்பேரலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஜப்பானில் மாண்டவர்கள் சுமார் 15,900 பேர். காணாமற்போனவர்கள் 2,500க்கும் மேல். ஃபுகுஷிமா அணு மின் நிலையம் கெட்டுப்போய்ச் சுற்றியிருந்த ஊர்கள் காலியாயின. முதலில் அவர்களுக்காகத் தலை வணங்குவோம். கார் விலையைப் பேசும்போது அந்த உயிர்களை மறந்துவிட்டால் நாமும் கணக்குப்பிள்ளைகள் ஆகிவிடுவோம்.

இனி காருக்கு வருவோம். அன்றைக்கு ஹைபிரிட் கார் என்றால் உலகம் முழுவதும் ஒரே பெயர்தான் முன்னால் நிற்கும்: டொயோட்டா கம்பெனியின் ‘பிரியஸ்’. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு பெட்ரோல் எஞ்சினும் உண்டு, ஒரு மின் மோட்டாரும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்து வைத்து, வண்டி கிளம்பும்போது அதையே செலவிடுகிறது. அதனால் லிட்டருக்கு சுமார் 21 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்க அரசின் சோதனை சொன்னது. அங்கே ஓடும் மற்ற பெரிய வண்டிகளோடு பார்த்தால் பாதிப் பெட்ரோல் மிச்சம்.

அமெரிக்காவில் விற்ற பிரியஸ் ஒவ்வொன்றும் ஜப்பானில் செய்து கப்பலேறிப் போனதுதான். அதைச் செய்யும் சுட்சுமி தொழிற்சாலை ஐச்சி மாநிலத்தில் இருக்கிறது. நிலம் நடுங்கிய வடகிழக்குக் கரைக்கும் அதற்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். அங்கே அலையும் வரவில்லை, கூரையும் விழவில்லை. ஆனாலும் மார்ச் 14 முதல் ஜப்பானிலிருந்த டொயோட்டா தொழிற்சாலைகள் எல்லாமே நின்றன. மார்ச் 28இல் ஹைபிரிட் வண்டிகளை மட்டும் முதலில் செய்யத் தொடங்கினார்கள். மற்றவை ஏப்ரல் 18இல் பாதி வேகத்தில்தான் கிளம்பின. அந்த ஏப்ரலில் டொயோட்டா ஜப்பானில் செய்த கார்கள் முந்தின ஆண்டு ஏப்ரலைவிட 78 சதவீதம் குறைவு.

சுவர் நிற்கிறது, இயந்திரம் நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள். பிறகு ஏன் கார் வரவில்லை?

இரண்டு லாரி, ஒரே போர்வெல்

நம் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை வந்துவிட்டது, குழாயில் தண்ணீர் இல்லை. ஒரு தண்ணீர் லாரிக்காரரை நம்பினால் ஆபத்து என்று இரண்டு பேரிடம் சொல்லி வைக்கிறோம். ஒரு நாள் இரண்டு லாரியும் வரவில்லை. விசாரித்தால்தான் தெரிகிறது: இருவரும் ஒரே போர்வெல்லில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். போர்வெல் வற்றியது, இரண்டு லாரியும் படுத்துவிட்டது.

டொயோட்டாவுக்கு நடந்ததும் அதுவே. நேரடியாகச் சாமான் தருகிறவர்கள் பலர். அவர்களுக்குச் சாமான் தருகிறவர்கள் மேலும் பலர். ஆழம் போகப் போக அகலம் கூடும் என்று கம்பெனி நம்பியிருந்தது. நிலம் நடுங்கிய பிறகு பார்த்தால், பல சாமான்களுக்கு அடியில் இருந்தது ஒரே ஒரு பட்டறை!

ஹிட்டாச்சினகா என்ற ஊரில் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா தொழிற்சாலை இருக்கிறது. காருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கான் சில்லுகளைச் செய்கிற இடம். எஞ்சின் எப்போது ஓட வேண்டும், மோட்டார் எப்போது இழுக்க வேண்டும், பிரேக் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது இந்தச் சில்லுதான். உலகத்தில் கார்களுக்காக விற்ற இவ்வகைச் சில்லுகளில் சுமார் 40 சதவீதம் இந்தக் கம்பெனியுடையவை. எஞ்சினையும் மோட்டாரையும் மாற்றி மாற்றி ஆள வேண்டிய ஹைபிரிட் காருக்குச் சில்லு அதிகம் தேவை. நாகா தொழிற்சாலை மார்ச் 11 அன்று நின்றது. வேறு கடையில் வாங்கலாமே என்றால் முடியாது. ஒவ்வொரு சில்லும் அந்தந்த வண்டிக்கென்று எழுதிய கட்டளையோடு வருவது. இன்னொன்றைப் பொருத்திச் சோதித்து ஒப்புக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும்.

பெயிண்டிலும் அப்படியே. கார் வெயிலில் மினுமினுக்கும் ஒரு வகைப் பொடி, ஜெர்மன் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான ஒனஹாமா ஆலையில் மட்டுமே தயாரானது. ஃபுகுஷிமா மாநிலத்தில் இருந்த அந்த ஆலை மே மாதம் வரை ஓடவில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி ஒருவகைக் கறுப்பு வண்டிக்கும் சில சிவப்பு வண்டிகளுக்கும் ஆர்டர் வாங்குவதையே நிறுத்தியது. ஹைபிரிட் காருக்கு உயிரான பேட்டரி செய்யும் ஆலைகளில் ஒன்று, அலை அடித்த மியாகி மாநிலத்தில் இருந்தது, அதுவும் நின்றது. ஏப்ரல் 22இல், இன்னும் 150 வகைச் சாமான்கள் கிடைக்கவில்லை என்று டொயோட்டா அறிவித்தது. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கில் உறுப்புகள் உண்டு. அதில் ஒன்று இல்லையென்றாலும் கார் இல்லை.

கையிருப்பு வைத்திருக்கக் கூடாதா? அங்கேதான் இந்தக் கம்பெனியின் பெருமையும் பலவீனமும் ஒன்றாக இருந்தன. நம் பாட்டன் வீட்டில் குதிர் இருந்தது, அறுவடை நெல் ஆண்டு முழுவதும் கிடந்தது. டொயோட்டா முறையில் குதிர் கிடையாது. காலையில் வேண்டியது காலையில் வரும், மாலையில் வேண்டியது மாலையில் வரும். சும்மா கிடக்கும் சாமான் என்பது சும்மா கிடக்கும் பணம் என்று அவர்கள் எண்ணினார்கள். உலகமே அதைப் பார்த்துப் பாடம் படித்தது. ஆனால் சாலை உடைந்த அன்று, குதிர் இல்லாத வீட்டில் அடுப்பு எரியவில்லை!

விலை எப்படி ஏறியது?

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் லிபியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கி எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல், அதாவது 3.8 லிட்டர் அளவு, 4 டாலரை நெருங்கியது. பெட்ரோல் ஏறினால் மக்கள் எதைத் தேடுவார்கள்? பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டியைத்தான். ஒரு பக்கம் வேண்டுவோர் கூடினார்கள், மறுபக்கம் வண்டி வருவது நின்றது.

மார்ச் மாதம் அமெரிக்காவில் 18 ஆயிரத்துக்கும் மேல் பிரியஸ் விற்றது. நிலம் நடுங்கிய மாதத்தில் எப்படி இவ்வளவு? ஏற்கனவே கரை சேர்ந்தவையும் கப்பலில் வந்துகொண்டிருந்தவையும் இருந்தன. அவை தீர்ந்த பிறகுதான் பஞ்சம் தெரிந்தது. ஜூன் மாதம் விற்றது 5 ஆயிரத்துக்கும் கீழே.

அந்த நாட்டில் கம்பெனி ஒரு விலையைக் குறித்துக் கண்ணாடியில் ஒட்டியனுப்பும். ஆனால் விற்பவர் கம்பெனி அல்ல, தனி டீலர். ஒட்டிய விலைக்குக் கீழேயும் தரலாம், மேலேயும் கேட்கலாம், சட்டம் தடுக்காது. வண்டி நிறைய இருந்த நாளில் “ஆயிரம் டாலர் தள்ளுபடி, ஈராயிரம் டாலர் தள்ளுபடி” என்று கூவியவர்கள் இப்போது தள்ளுபடியை மூட்டை கட்டினார்கள். சில இடங்களில் ஒட்டிய விலைக்கு மேல் கேட்டார்கள். பெயரைப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஓராண்டு ஓடிய பழைய பிரியஸ், புதிய வண்டியின் விலையைத் தொட்டது. சில இடங்களில் தாண்டியது. பழசு புதுசைவிட விலை கூடுமா என்று கேட்காதீர்கள். புதியது எப்போது வரும் என்று தெரியாது. பழையது இன்றே கையில் கிடைக்கும். அந்த ‘இன்றே’ என்ற சொல்லுக்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

ரேஷன் கடையில் ‘சீமெண்ணெய் இல்லை’ என்று பலகை தொங்கிய நாட்களில் தெருமுனைக் கடையில் என்ன நடந்தது என்று தாய்மார்களுக்குத் தெரியும். சீமெண்ணெய்க்குப் புதிதாக எந்தச் செலவும் ஏற்படவில்லை. போன வாரம் வாங்கி வைத்த அதே டின், அதே எண்ணெய். பலகை தொங்கியதும் விலை ஏறியது. அமெரிக்க டீலர் வாசலில் முன்பே வந்து நின்ற பிரியஸும் அப்படித்தான். நில நடுக்கத்தால் அந்த வண்டியைச் செய்த செலவு ஒரு காசு கூடவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடிபட்ட நாட்டின் பணம் விழும் என்றுதானே நினைப்போம்? மார்ச் 17இல் ஜப்பானின் யென் ஏறியது. ஒரு டாலருக்கு 76 யென் என்ற அளவுக்கு அது வலுத்தது. ஜப்பான் கம்பெனிகள் சேதத்தைச் சரி செய்ய வெளிநாட்டுப் பணத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் என்று சந்தைச் சூதாடிகள் கணக்குப் போட்டு யென்னை வாங்கிக் குவித்தார்கள். மறுநாள் ஏழு பணக்கார நாடுகள் சேர்ந்து தலையிட்டுத்தான் அதை இறக்கின. யென் ஏறினால் டாலரில் விற்கும் காருக்கு ஜப்பான் கம்பெனியின் கைக்கு வருவது குறையும். விலையைக் குறைக்க அதற்கு மனம் வருமா?

ஆக, நிலநடுக்கம் வண்டியைத்தான் நிறுத்தியது. யாரிடம் சரக்கு இருந்தது, யாரிடம் காத்திருக்க வசதி இருந்தது என்பதைப் பொறுத்து லாபமும் நட்டமும் பிரிந்தன.

சுமந்தவர்கள் யார்?

ஜப்பான் தொழிலாளியிலிருந்து தொடங்குவோம். நாகா தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்த, கார் கம்பெனிகளும் மற்றவர்களும் அனுப்பிய ஆட்கள் ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை இரவு பகலாக உழைத்தார்கள். ஜூன் 1இல் அது மீண்டும் ஓடத் தொடங்கியது. கோடையில் மின்சாரப் பஞ்சம் வந்தபோது, ஜூலை முதல் செப்டம்பர் வரை கார் கம்பெனிகள் வியாழன், வெள்ளியை விடுமுறையாக்கிச் சனி, ஞாயிறுகளில் ஆலையை ஓட்டின. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை சனி, ஞாயிறு. அப்பாவுக்கு விடுமுறை வியாழன், வெள்ளி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்க முடியாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்று ஷிப்டு வேலை செய்யும் நம் வீடுகளுக்குத் தெரியும்.

இங்கே நம் ஊருக்கு வருவோம். பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலை அப்போது ஹைபிரிட் கார் செய்யவில்லை. பிரியஸ் 2010 முதல் முழு வண்டியாக இறக்குமதியாகி 25 லட்சத்துக்கு மேல் விலை போட்டு விற்றது. வாங்கியவர்கள் வெகு சிலர். ஆனால் பிடதியில் செய்த மற்ற வண்டிகளுக்கு ஜப்பானிலிருந்து சாமான் வர வேண்டும். 2011 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை அங்கே உற்பத்தி வெகுவாகக் குறைந்தது. ஆலை குறைத்தால், ஆலைக்குச் சாமான் தரும் பட்டறைகள் என்ன செய்யும்? பட்டறை குறைத்தால் காண்டிராக்டர் என்ன செய்வார்? மேலே ஆடிய பூமி கீழே கீழே இறங்கி, கடைசிப் படியில் நின்ற மனிதனின் தலையில் விழுந்தது. தாயே, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

அமெரிக்காவில் பிரியஸ் வாங்க நினைத்தவர் சில மாதம் காத்திருந்தார். டீலருக்கு ஒரு வண்டியில் கூடுதல் லாபம். கம்பெனிக்கு அந்த ஆண்டு லாபம் குறைந்தது, அடுத்த ஆண்டே மீட்சி. 2012இல் உலகத்தில் அதிகம் விற்றதும் அதே கம்பெனிதான். நம் தோழர் இழந்த கூலி நாட்கள்? அவற்றை எந்த 2012ஆம் ஆண்டும் திருப்பித் தரவில்லை. அந்த நாட்கள் வட்டிக் கடனாகவும் கட்ட முடியாத பள்ளிக் கட்டணமாகவும் மாறின.

மறுபடி வராதா?

வந்துகொண்டே இருக்கிறது. அதே 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். அயுத்தயாவில் இருந்த ஹோண்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து, 2012 மார்ச் வரை வேலை இல்லை. நனைந்துபோன 1,055 புதுக் கார்களை உடைத்தெறிந்தார்கள். 2015 டிசம்பரில் நம் சென்னையிலேயே வெள்ளம். சுற்றியிருந்த கார் ஆலைகள் நின்றன. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோவில் நிலநடுக்கம். கதவு உறுப்புகள் செய்யும் ஓர் ஆலை அடிபட்டது, டொயோட்டாவின் பெரும்பாலான வரிசைகள் மீண்டும் சில நாள் நின்றன.

கம்பெனிகள் பாடம் படித்தன. ஒவ்வொரு சாமானும் எந்த ஊரில் எந்தப் பட்டறையில் பிறக்கிறது என்று டொயோட்டா பட்டியல் எடுத்தது. சில்லு தருகிறவர்கள் சில மாதத்துக்கான கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. 2021 தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்து மற்ற கம்பெனிகள் தடுமாறியபோது, முதலில் அது தாக்குப்பிடித்தது. குதிரைப் பழித்தவர்களே குதிர் கட்டினார்கள்!

நாம் கேட்பது இதுதான். சில்லுக்குக் குதிர் உண்டு. கூலிக்குக் குதிர் எங்கே?

2013 முதல் பிடதியிலேயே ஹைபிரிட் கார்கள் தயாராகின்றன. இனி எங்கோ நிலம் நடுங்கினால் அது நம்மை இன்னும் நேராகத் தொடும். அந்த நாள் வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலை தர முடியாமல் ஆளைத் திருப்பி அனுப்புவதை ‘லே-ஆஃப்’ என்கிறோம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் அதற்கான காரணங்களைச் சொல்லும்போது, மூலப்பொருள் தட்டுப்பாட்டையும் இயற்கைப் பேரிடரையும் சேர்த்தே சொல்லியது. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்து, ஏட்டில் பெயர் உள்ளவருக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்றது. 2020இல் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்பிலும் அந்தப் பாதி உண்டு. “நிலநடுக்கம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கையை விரிப்பது மட்டும் விடையாகாது.

ஆனால் எத்தனை தோழர்களுக்கு இது கிடைக்கும்? கேசுவல் ஆளுக்கும் பதிலி ஆளுக்கும் அந்தச் சட்டம் கதவைத் திறக்கவில்லை. ஏட்டில் பெயர் இல்லாதவன் கணக்கில் பிறக்காதவன். வேலை இல்லை என்று சொன்ன நாளிலும் குறித்த நேரத்தில் ஆலை வாசலுக்குப் போய்ப் பெயர் பதியாவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. “வேலையில்லையாம், வா ஊருக்குப் போவோம்” என்று பஸ் ஏறிவிடுகிறோம். பஸ் ஏறியதோடு உரிமையும் இறங்கிவிடுகிறது.

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று வேண்டுகோள். ஒன்று, வேலை செய்த ஒவ்வொரு நாளையும் வீட்டிலிருக்கும் நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள். ஓராண்டில் 240 நாள் சேர்ந்தால் அது தொடர் வேலை. இரண்டு, சம்பளச் சீட்டையும் பி.எப்., இ.எஸ்.ஐ. எண்களையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்காத காண்டிராக்டரின் பெயரைச் சங்கத்தில் சொல்லுங்கள். மூன்று, திருப்பி அனுப்பினால் தனியாக ஊருக்குப் போகாதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள். கேசுவல் தோழருக்கும் அந்தப் பாதிச் சம்பளம் வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்துதான் கேட்க முடியும்.

பூமி நடுங்குவதை நாம் தடுக்க முடியாது. ஜப்பான் உழைப்பாளியும் தடுக்க முடியாது. ஆனால் நடுங்கிய பிறகு யார் தலையில் பாரம் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது பூமி அல்ல, மனிதர்கள். அந்தத் தீர்மானம் நடக்கும் இடத்தில் நம் குரலும் இருக்க வேண்டும்.

அன்று இடுப்பில் இருந்த குழந்தை இன்று வேலைக்குப் போகும் பிள்ளையாகியிருக்கும். அந்தப் பிள்ளையின் பெயராவது ஏட்டில் ஏறட்டும்.